பக்கத்து வகுப்புச் சத்தம்

கணக்கு டீச்சர் வகுப்புக்குள் கால் வைத்தால் குண்டூசி விழுந்தாலும் கேட்கும். அத்தனை பிள்ளைகளும் எழுந்து நிற்கும். உட்காரச் சொன்னால்தான் உட்காரும். சந்தேகம் உண்டா என்று கேட்டால் ஒரு கையும் உயராது. இதைத்தான் இத்தனை வருஷமாகத் தன் பெருமை என்று நினைத்திருந்தார், பாவம்.

அதற்கு வேட்டு வைக்க வந்து சேர்ந்தாள், பக்கத்து வகுப்புக்குப் புதுக் கணக்கு டீச்சர். வெளிநாட்டில் பாடம் எடுத்துவிட்டு வந்தவள். மேஜை மேல் ஏறி உட்கார்ந்துதான் பாடம் நடத்துவாள். பிள்ளைகள் உட்கார்ந்தபடியே குறுக்கே பேசும். அது தப்பு மிஸ் என்று எவனாவது சொன்னால் சாக்பீஸை அவன் கையிலேயே கொடுத்துவிடுவாள். வகுப்பா அது, சந்தைக்கடை! ஆசிரியர் அறையில் டீச்சர் இப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார். ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம் சிரிப்பு கிளம்பும்போதெல்லாம் வயிறு எரிந்தது. எரியாதா பின்னே? தன் வகுப்புப் பிள்ளைகளே இடைவேளையில் நோட்டைத் தூக்கிக்கொண்டு அங்கே ஓடின. அந்தக் கூட்டத்தில் அவருடைய சொந்த மகள் வேறு. வளர்த்த கடா மார்பில் பாய்ந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பார். இது பக்கத்து வீட்டில் போய் மேய்கிறது.

தன்னையும் ஒரு பிள்ளையாவது மறித்துக் கேட்க வேண்டும். ஒரே ஒரு பிள்ளை போதும். அந்த ஏக்கம் முற்றிப்போய், ஒரு நாள் கரும்பலகையில் வேண்டுமென்றே தப்பாக எழுதினார். சமக்குறியைத் தாண்டும் எண்ணுக்கு மைனஸைப் பிளஸாக மாற்ற வேண்டும், மாற்றவில்லை. எழுதிவிட்டு, நீட்டுவதற்குத் தயாராகச் சாக்பீஸைப் பிடித்துக்கொண்டு திரும்பினார்.

யாரும் வாய் திறக்கவில்லை. மகளின் பேனா மட்டும் ஒரு நொடி நின்றது. பிறகு அதுவும் மற்ற பேனாக்களோடு சேர்ந்து தப்பை அழகாக எழுதிக்கொண்டது.

சாயங்காலம் வீட்டில் இருவரும் துணி மடிக்கும்போது, ஒன்றும் தெரியாதவர் போல அந்தக் கரும்பலகைக் கணக்கைப் பற்றிப் பேச்சை எடுத்தார்.

"தப்புன்னு தெரியும்மா. எல்லாருக்கும்தான் தெரியும்," என்றாள் மகள்.

"அப்ப ஏன்டி சொல்லல?"

"உன்கிட்ட எப்படிம்மா சொல்றது? போர்டுல இருக்கிறதை அப்படியே எழுதிக்குவோம். அப்புறம் அந்த மிஸ்கிட்ட போய்ச் சரி பண்ணிக்குவோம்."

டீச்சருக்கு முகம் சிவந்தது. விட்டுக்கொடுக்க முடியுமா, அதுவும் அந்தப் பக்கத்து வகுப்புக்காரியிடம்?

"நான் வேணும்னுதான்டி தப்பாப் போட்டேன். யாராவது கேக்குறீங்களான்னு பார்த்தேன்," என்றார்.

மகள் கையிலிருந்த துணியைக் கீழே வைத்தாள். முகத்தில் கேலி துளியும் இல்லை. அம்மாவிடம் அவள் கேட்ட முதல் சந்தேகம் அதுதான்.

"அப்ப போன வாரம் போட்டதும் வேணும்னுதானாம்மா?"