கெராசிமின் கற்கள்

கணவர் கெராசிம் இறந்த பிறகு ரிம்மாவால் அவருடைய கடல்மீன் தொட்டியைப் பார்த்துக்கொள்ள முடியவில்லை. மீன்கள் ஒவ்வொன்றாகச் செத்து, பவளக் கற்கள் மட்டும் மிஞ்சின. கடலே இல்லாத அல்மாத்தி நகரில், தொட்டி நீரைச் சுத்தமாக வைக்கும் நுண்ணுயிர்கள் குடியிருக்கும் இப்படிப்பட்ட ‘உயிருள்ள கற்கள்’ லேசில் கிடைக்காது. புதிதாகக் கடல்மீன் தொட்டி வைக்க ஆசைப்பட்ட மக்பால் கேள்விப்பட்டதும் வாங்கப் போனாள்.

"ஒண்ணு விடாம எடுத்துட்டுப் போயிடும்மா" என்றாள் ரிம்மா. தொட்டிப் பக்கமே அவள் வரவில்லை.

ஈரச் செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவந்த கற்களை மக்பால் குளியலறையில், பிளாஸ்டிக் பீப்பாயில், உப்புநீரில் போட்டாள். ஹீட்டரும், தண்ணீரைச் சுழற்ற ஒரு மோட்டாரும் வைத்தாள். செத்து ஒட்டியிருந்ததையெல்லாம் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்தெடுத்தாள். நாற்றம் தாங்காமல் கதவைத் திறந்துவைத்தாள். அழுகல் முழுக்க அடங்கும்வரை மீன் விட முடியாது.

ஒரு மதியம் துணி அலசும்போது, யாரோ நகத்தால் கண்ணாடியைத் தட்டுவதுபோலக் கேட்டது. மோட்டாரை நிறுத்தினாள். தட்டல் நிற்கவில்லை. பீப்பாயில் கண்ணாடி ஏது? மக்பால் ரிம்மாவுக்குப் போன் செய்தாள்.

"அக்கா, இந்தக் கல்லுல..."

"தட்டுறாரா?"

மக்பால் பீப்பாயைத் திரும்பிப் பார்த்தாள்.

"அப்படித்தான் தட்டி மீனைக் கூப்பிடுவாரு. போனப்புறமும் தட்டினாரு. எம்பொண்ணு எனக்குப் புத்தி கெட்டுப்போச்சுங்கிறா."

உள்ளே ஏதாவது ஒளிந்திருந்தால் வெளியே வரட்டும் என்று, மறுநாள் மக்பால் ஒவ்வொரு கல்லாக அதிக உப்புக் கரைத்த நீரில் முக்கினாள். ஒரு பொந்திலிருந்து விரல் நீள இறால் துள்ளி விழுந்தது. ஒரு கொடுக்கு மட்டும் பெரிது. அதைச் சொடுக்கியபோது அதே சத்தம்.

மக்பால் கூப்பிட்டதும் ரிம்மா வந்து, ஜாடியில் போட்டுவைத்திருந்த இறாலை வெகுநேரம் பார்த்தாள்.

"இத்தனை வருஷம் இதுக்குள்ளயா இருந்துச்சு? அவரு இருக்கும்போது ஒரு நாளும் கேட்டதில்லையே."

"அவரு பேசிக்கிட்டே இருந்திருப்பாரு அக்கா."

ரிம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

"நீ கல்லை எடுத்துட்டுப் போனதுலேர்ந்து வீடு ரொம்ப அமைதியா இருக்கு. ரேடியோவைப் போட்டுட்டுத்தான் குளிக்கவே போறேன். இதை நான் வச்சுக்கவா?"

சின்னத் தொட்டி ஒன்றில் ஒரு கல்லோடு இறாலைக் கொடுத்தனுப்பினாள் மக்பால். தண்ணீர் மாற்றத் தானே வருவதாகவும் சொன்னாள்.

முதல் தடவை உப்புநீர் வாளியோடு போனபோது, கதவுக்குப் பின்னால் ரிம்மாவின் குரல் கேட்டது. மகள் போனில் எரிந்து விழுந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தாள். இடையிடையே நிறுத்தினாள். உள்ளே தட்டல் சத்தம் கேட்டதும், "ஆமா, நீங்க அவ பக்கம்தான் பேசுவீங்க" என்றாள்.

மக்பால் மணியை அழுத்தவில்லை. வாளியைக் கீழே வைத்துவிட்டு, அவள் பேசி முடிக்கட்டும் என்று படிக்கட்டில் உட்கார்ந்தாள்.