நாற்பது கேபி இடம்

2017 அக்டோபரில் ஒரு வெள்ளிக்கிழமை முதல் கீழ்க்கட்டளை தேவானந்தத்துக்கு மகள் ஜெரூஷாவின் குரல் மட்டும் கேட்பதில்லை. காது டாக்டர் ஒரு குறையும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார். மிக்ஸி கேட்டது, தலைக்கு மேல் போகும் விமானம் கேட்டது, மனைவி தபீதாள் திட்டுவது நன்றாகவே கேட்டது. மகள் எழுதிய தாளும் வெறுமையாகத் தெரிந்தது.

காரணம் அவருக்குத் தெரியும். வீடுகளுக்கு இணையம் தரும் ரௌட்டர் பெட்டி செய்யும் கம்பெனியில் வேலை. பெட்டிக்குள் ஏ.ஆர்.எம் சிப்பில் ஓடும் கெர்னல் என்ற அடிப்படை நிரலுக்கு எது வேண்டும், எது வேண்டாம் என்று நாலாயிரம் வரிகள் கொண்ட கான்ஃபிக் கோப்பு ஒன்று உண்டு. அதை அவர்தான் கட்டிக் காத்தார். வேண்டாம் என்று போட்டால் பொருள் பெட்டியிலேயே இருக்கும், பெட்டிக்கு மட்டும் அது தெரியாது. நினைவகத்தில் மொத்த இடம் எட்டு எம்பி, அதாவது எட்டாயிரம் கேபி சொச்சம். கெர்னல் புதுப் பதிப்பு வந்தால் புதுக் கேள்விகள் கேட்கும். அந்த வெள்ளிக்கிழமை முந்நூற்றுப் பன்னிரண்டு கேட்டது. மேலிடம் அவசரப்படுத்தியது. அந்தத் தொழிலில் எல்லாரும் செய்வதைத்தான் அவரும் செய்தார், என்டர் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டார். என்டர் என்றால் பெரும்பாலும் 'வேண்டாம்'. நடுவில் ஒரு கேள்வி, 'ஜெரூஷாவின் குரல் வேண்டுமா?' பாவி மனுஷன், படித்துப் பார்த்திருக்கலாம்.

திங்கட்கிழமை தேடினால் அந்த வரியைக் காணோம். புதிதாக வரும்போது ஒருமுறை எல்லாவற்றையும் கேட்கும், அப்புறம் ஒன்று இருந்தால்தான் இன்னொன்று கண்ணில் படும் என்பது அந்தக் கோப்பின் சட்டம். இது மறுபடி கண்ணில் பட 'மாலையில் வீட்டில் இருத்தல்' வேண்டும். இடம் போதவில்லை என்று 2011இலேயே அதை அவரே எடுத்திருந்தார். திரும்பப் போட்டால் எட்டு எம்பியை நாற்பது கேபி தாண்டியது. அடுத்த மாடலில் பார்க்கலாம் என்று ஏழு வருஷம் இழுத்தார்கள். அதற்குள் மகள் பள்ளி முடித்தாள், கல்லூரி முடித்தாள், மார்த்தாண்டத்தில் வாழ்க்கைப்பட்டாள். அவள் உதடு நின்றதும் "சரிம்மா" என்று சொல்ல இவர் பழகியிருந்தார். காது சரியாகிவிட்டது என்றே வீட்டில் நினைத்தார்கள். அப்புறம் கம்பெனி இவரையும் வேண்டாம் என்று போட்டது. இப்போது எல்லா மாலையும் வீட்டில்தான். கோப்பைத் திறக்கத்தான் அனுமதி இல்லை. அந்த இடத்துக்கு வந்த வினிதாவிடம் போனில் கெஞ்சினார். "புரியுது சார். ஆனா நாப்பது கேபி ஓவர் ஆகுது, மேல ஒத்துக்க மாட்டாங்க" என்றாள்.

போன மாதம் ஜெரூஷா பெட்டியோடு வந்து பத்து நாள் இருந்தாள். சாப்பாட்டு மேசையில் நிறையப் பேசினாள். என்னவென்று தபீதாளைக் கேட்டால், "புருஷன் பொண்டாட்டிக்குள்ள ஆயிரம் இருக்கும், உங்களுக்கெதுக்கு" என்று வாயை அடைத்துவிட்டாள். பெருங்களத்தூரில் மார்த்தாண்டம் பஸ் ஏற்றிவிட இவர் மட்டும் போனார். படியேறுமுன் அவள் ஏதோ கேட்டாள். "சரிம்மா." மறுபடி கேட்டாள். மூன்றாம் தடவையும் இவர் அதையே சொன்னார். பஸ் கிளம்பிப் போனது.

பக்கத்தில் பூ விற்ற பாலாம்பாள் இவரை ஏற இறங்கப் பார்த்தாள். "இன்னா சார் நீ? 'அடிக்கறாருப்பா, நான் போகட்டுமா வேணாமா'ன்னு மூணு தபா கேக்குது. நீ பாட்டுக்கு சரிம்மா சரிம்மான்னுகினு கீறே?"

தேவானந்தம் போனை எடுத்தார். மகளுக்குப் போட்டு, "இறங்கிடும்மா, வந்துடு" என்று கத்தினார். பஸ் இரைச்சல் கேட்டது, கண்டக்டர் விசில் கேட்டது. போனைப் பாலாம்பாளிடம் நீட்டினார். "அவ பேசறது எனக்குக் கேக்காதும்மா. நீ கேட்டுச் சொல்லு."

"பொண்ணு பேசறது எந்த அப்பனுக்கு சார் கேட்டுச்சு" என்று அவள் வாங்கிக் காதில் வைத்தாள். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். "'நீங்கதான் மூணு தபா சரின்னுட்டீங்களேப்பா'ன்னுது. வெச்சிடுச்சு." பிறகு பூவுக்குத் தண்ணீர் தெளித்து, அடுத்த பஸ்ஸுக்கு வந்தவர்களிடம் முழம் என்ன விலை என்று சொல்லப் போனாள்.