ஊமைவூட்டு நாடகமும் ஒன்பது புளியமரமும்

தொலைக்காட்சியின் சத்தம் ஜவ்வாது மலைப்பாதையில் ஏழாவது வளைவுக்கு மேல் ஏறாது. 1986இல் அரசாங்கம் சாமைக்கொல்லை ஊருக்கு ஒரு பெட்டி கொடுத்தபோதுதான் இது தெரியவந்தது. படம் ஊர்வரை வந்தது. சத்தம் அந்த வளைவிலேயே தங்கிவிட்டது. ஜமுனாமரத்தூர் பேருந்தில் வந்தவர்கள் அங்கே திரும்பும்போது பாதிச் செய்தியையும் கொஞ்சம் வீணையையும் கேட்டுவிட்டு, அடுத்த வளைவில் விட்ட தூக்கத்தைத் தொடர்ந்தார்கள். வேலூரிலிருந்து வந்த மெக்கானிக் பெட்டியைத் திறந்து மூடி, பெட்டியும் நன்றாக இருக்கிறது, சத்தமும் நன்றாக இருக்கிறது, இரண்டும் ஒரே இடத்தில் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு, நாட்டுக்கோழிக் குழம்பு சாப்பிட்டுக் கீழே இறங்கினார். ஊருக்குப் பெரிய நஷ்டமில்லை. சத்தம் வந்திருந்தாலும் அது பெரும்பாலும் இந்தியில்தான் வந்திருக்கும். பஞ்சாயத்துக் கட்டடத்தின் சாவியை வைத்திருந்த ரங்கன், கோட்டுப் போட்டு வருகிறவர் மந்திரி, போடாமல் வருகிறவர் விவசாயி என்று விளக்கம் சொல்லியே ஒரு வருடத்தை ஓட்டினார்.

1987 ஆவணியில், ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு ஒரு குடும்ப நாடகம் தொடங்கியது. அப்பா தையல்காரர், காது கேட்காது. அம்மாவுக்கும் கேட்காது. மகளுக்குக் கேட்கும். மாமியாருக்கு எல்லாம் கேட்கும், தேவைப்படாதது மட்டும் கேட்காது. அந்த வீட்டில் எல்லாரும் கையால் பேசிக்கொண்டார்கள். நாட்டின் மற்றப் பகுதிகளில் இதைப் பார்த்தவர்கள் பின்னணியில் வாசித்த வயலினைக் கேட்டு வாராவாரம் அழுததாகப் பத்திரிகைகள் எழுதின. சாமைக்கொல்லைக்கு வயலின் வந்து சேராததால் யாரும் அழவில்லை. அவர்களுக்கு அது மாமியார், மருமகள், சந்தேகப்படுகிற பக்கத்து வீடு என்று எல்லாம் ஒழுங்காக இருந்த ஒரு சாதாரண வீடு. பெட்டி வந்ததிலிருந்து அதற்குள் நடந்தவற்றில் முழுதாகப் புரிந்தது இது ஒன்றுதான். பெயர் இந்தியில் ஓடியதால் ஊர் தானே ஒரு பெயர் வைத்தது: ஊமைவூட்டு நாடகம். அந்த அம்மாவுக்கு ராணியம்மாள் என்று பெயர் வைத்தார்கள். சப்பாத்தி தேய்க்கும்போதுகூட முதுகு வளையாதவள் என்பதுதான் காரணம்.

கார்த்திகைக்குள் ஊர் முழுக்கக் கையால் பேசக் கற்றுக்கொண்டது. வாய் நிறைய கேழ்வரகுக் களியை வைத்துக்கொண்டு சண்டை போட முடிந்ததில் பெண்கள் திருப்தி அடைந்தார்கள். இந்தக் கொல்லையில் உழுகிறவன் எதிர்ச்சரிவில் உழுகிறவனைக் கெட்ட வார்த்தையில் திட்டினான். நடுவில் இருந்த பள்ளத்தில் யார் காதும் கெடவில்லை. இதிலெல்லாம் மிகவும் தேறியவர் கருப்பன். பட்டி மாடுகளை அவிழ்த்துவிட்டுத் தாமதமாக வந்தவர்களுக்கெல்லாம் அன்றைய கதையை வீடுவீடாகப் போய்க் கையாலேயே நடித்துக் காட்டுவார். மாமியார் கோபித்துக்கொள்ளும் இடத்தில் அவருக்கு இணை கிடையாது என்று சொன்னார்கள்.

இந்தக் கருப்பனின் அண்ணன் கோபால் இறந்து இரண்டு வருடமாகியிருந்தது. கோபாலின் மனைவி கெங்கம்மாள். மூன்று வயதில் வந்த காய்ச்சலில் காது போய், அதனால் பேச்சும் வராமல் வளர்ந்தவள். அவள் முப்பது வருடமாக அதே ஊரில் கையால்தான் பேசிக்கொண்டிருந்தாள். அப்போதெல்லாம் அது யாருக்கும் புரியவில்லை. சாமை குத்துவதற்கும் புளி உலுக்குவதற்கும் கூப்பிடும்போது மட்டும் நன்றாகப் புரிந்தது.

ஊர்க்கூட்டத்துக்கு ஒரு முறை உண்டு. ஊர்க்கவுண்டர் கோலைத் தரையில் வைத்தால் கூட்டம் திறந்துவிட்டது என்று பொருள். விஷயத்தைச் சொல்லிவிட்டு, வேறு சொல் இருக்கிறதா என்று மூன்று தடவை கேட்பார். மூன்றாவது தடவையும் சொல் எழும்பாவிட்டால் எல்லாரும் சம்மதித்தார்கள் என்று கோலை எடுத்துவிடுவார். கோல் தரையில் கிடக்கும்வரை எத்தனை பழைய வழக்கையும் கிளப்பலாம். அப்படிச் சொன்ன சொல் அங்கேயே செல்லுபடியாகும். இது நல்ல முறைதான், பேச வருகிறவர்களுக்கு. இந்த முறைப்படி கெங்கம்மாள்தான் ஊரிலேயே அதிகம் சம்மதித்தவள். பதினைந்து வயதில் கோபாலைக் கட்டிக்கொள்ளச் சம்மதித்தாள். தன் அப்பன் கொடுத்த கொல்லையின் நடுவே பாதை போடச் சம்மதித்தாள். கொல்லை வேலிக் கல்லைக் கோயில் மதிலுக்குத் தூக்கிக்கொண்டு போகவும், ஊற்றுத் தண்ணீரைக் கவுண்டர் கழனிப் பக்கம் திருப்பவும், தன் சிவப்புப் பசுவைக் கருப்பன் இரண்டு மாதத்துக்கு ஓட்டிக்கொண்டு போய்ப் பதினோரு வருடம் வைத்துக்கொள்ளவும் சம்மதித்தாள். ஒவ்வொரு தடவையும் அவள் கையை ஆட்டத்தான் செய்தாள். கவுண்டர் அர்ச்சுனன் அந்த நேரம் மலை உச்சியில் மேகம் எப்படி இருக்கிறது என்று பார்ப்பார்.

இப்போது மிச்சமிருந்தவை கோபால் வழியில் அவளுக்கு வந்த ஒன்பது புளியமரங்கள். அவள் சாப்பிட்டது அந்த மரங்களின் வருமானத்தில்தான். பிள்ளையில்லாதவளுக்கு எதற்கு மரம், குடும்பத்து மரம் குடும்பத்துக்கே வரவேண்டும் என்று கருப்பன் வழக்கு வைத்தார். மாசியில் புளி உலுக்குவதற்கு முன் கூட்டம் கூடி முடிவெடுக்க வேண்டும். முடிவு என்னவாக இருக்கும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. அவள் சம்மதித்துவிடுவாள்.

கெங்கம்மாள் நாடகம் பார்க்க வந்தது ஐந்தாவது வாரம்தான். கடைசியில் தூணோரமாக உட்கார்ந்தாள். ராணியம்மாள் தன் மாமியாரைப் பற்றிக் கணவனிடம் ஏதோ சொன்னாள். யாரும் சிரிக்காத இடத்தில் கெங்கம்மாள் சிரித்துவிட்டு, அந்தச் சொல்லை அப்படிச் சொல்லக் கூடாது, கட்டை விரல் உள்ளே மடங்க வேண்டும் என்று காட்டினாள். ராணியம்மாள் சப்பாத்திக் கட்டையை நிறுத்தினாள். பெட்டிக்குள்ளிருந்து நிமிர்ந்து தூணோரம் பார்த்தாள். கட்டை விரலை உள்ளே மடக்கி மறுபடி சொல்லிக் காட்டினாள். கெங்கம்மாள் தலையாட்டினாள். முன்வரிசையில் இருந்தவர்கள், நாடகத்தைக் கெடுக்காமல் உட்காரச் சொல்லிப் பின்னால் திரும்பி முணுமுணுத்தார்கள்.

அடுத்த வாரம் ராணியம்மாள் பருப்பைத் தாளித்துக்கொண்டே, எந்த ஊர், வீட்டில் யார் யார் என்று கேட்டாள். அதற்கடுத்த வாரம் மரங்களின் கதை முழுவதையும் கேட்டுக்கொண்டாள். தையல்காரர் இயந்திரத்தை நிறுத்திவிட்டு வந்து, அந்தக் கொழுந்தனுக்குச் சொந்தமாக எத்தனை மரம் என்று விசாரித்தார். நாற்பத்திரண்டு என்றதும் பல்லைக் கடித்தார். இதெல்லாம் நாடு முழுக்க ஓடியது. எங்கேயோ சமவெளியில் கூடத்தில் உட்கார்ந்து பார்த்தவர்கள், கதைக்குச் சம்பந்தமில்லாமல் அந்தக் குடும்பம் வாராவாரம் பத்து நிமிடம் புளியமரங்களைப் பற்றிக் கவலைப்படுவதைக் கண்டார்கள். சென்னைப் பத்திரிகை ஒன்று புளியமரம் இங்கே ஒரு குறியீடு என்று இரண்டு பத்தி எழுதியது. நாடகத்தை எடுத்தவர்கள் தங்கள் பிலிமைச் சுருள் சுருளாக ஓட்டிப் பார்த்தார்கள். அதில் புளியமரமே இல்லை. பாராட்டு வந்துகொண்டிருந்ததால் அவர்கள் இதை வெளியே சொல்லவில்லை.

கூட்டத்தை எங்கே கூட்டுவது என்பதில்தான் கருப்பன் தவறினார். ஊர் முழுக்க ஒன்றாகக் கிடைப்பது ஞாயிற்றுக்கிழமைதான். ஞாயிறு பத்து மணிக்கு மரத்தடியில் கூட்டம் போட்டால் கவுண்டரும் கோலும் மட்டும்தான் இருப்பார்கள். மதியம் போட்டால் பாதி ஆண்கள் சாராயத்தில் இருப்பார்கள். பெட்டிக்கு முன்னாலேயே கூட்டிவிடலாம், இரண்டு வேலையும் முடியும் என்றார் கவுண்டர். பெட்டியை நிறுத்திவிடலாமே என்று யாரோ சொன்னதற்கு, முதலில் மறுத்தவர் கருப்பன். அந்த வாரம் நாடகத்தில் மகளுக்கு நிச்சயதார்த்தம். அதை விட்டுவிட அவருக்கு மனம் வரவில்லை.

1988 தை மாதம் நான்காவது ஞாயிறு, அர்ச்சுனன் கோலைத் தரையில் வைத்தார். பெட்டிக்குள் மாப்பிள்ளை வீட்டார் தட்டுகளோடு வாசலில் நின்றிருந்தார்கள். அவர்களை அப்படியே நிற்கவைத்துவிட்டு ராணியம்மாள் மாவுக் கையோடு இந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். கருப்பன் வழக்கைச் சொன்னார். வேறு சொல் இருக்கிறதா என்று அர்ச்சுனன் முதல் தடவை கேட்டார். கெங்கம்மாள் எழுந்து கையைத் தூக்கினாள். கவுண்டர் பழக்கப்படி மலை உச்சியைப் பார்க்கத் திரும்பினார். பஞ்சாயத்துக் கட்டடத்துக்குள் மலை தெரியாது. சுண்ணாம்பு உதிர்ந்த சுவர்தான் தெரிந்தது. அதையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு இரண்டாவது தடவை கேட்டார்.

ராணியம்மாள் கெங்கம்மாளிடம், "பெரிசா சொல்லு. பின்னாடி குந்தினுகீறவங்களுக்கும் தெரியட்டும்" என்று கைகாட்டினாள்.

கெங்கம்மாள் தோள் உயரத்துக்குக் கையைத் தூக்கி, இல்லை என்றாள். அதைப் பார்த்து வாசலோரம் இருந்த நாய்கூட எழுந்து நின்றது.

"கைய ஆட்டறதெல்லாம் சொல்லாவுமாங்க கவுண்டரே?" என்றார் கருப்பன். "ஈ ஓட்டறவனுந்தான் கைய ஆட்டறான்."

அர்ச்சுனனின் மனைவி மங்கம்மாள் கூட்டத்தில் பேசுகிறவள் அல்ல. அன்றைக்கு உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டாள். "போன வாரம் ராணியம்மா மாமியாள இன்னா சொல்லித் திட்டுச்சின்னு எங்க வூட்டு வாசல்ல நின்னு ஆட்டிக் காட்டனியே கருப்பா, அது இன்னா, ஈயா?"

தனக்குப் புரியவில்லை என்று கருப்பன் சொன்னால் நம்ப அந்தக் கூட்டத்தில் ஆள் இல்லை. அர்ச்சுனன் மூன்றாவது தடவை கேட்டார். கெங்கம்மாள் மூன்றாவது தடவையும் சொன்னாள். "இல்லன்னு சொல்லுது. எனக்குக் கேட்டுச்சி" என்றார் அர்ச்சுனன்.

அத்தோடு கோலை எடுத்திருக்க வேண்டும். அவர் குனிவதற்குள் கெங்கம்மாள் அடுத்ததைத் தொடங்கிவிட்டாள். முப்பது வருடமாகச் சொல்லி எங்கேயும் போய்ச் சேராத இல்லைகள் வரிசையாக வந்தன. முதலில் பசுவுக்கு இல்லை என்றாள். சிவப்புப் பசு எப்போதோ செத்துப்போயிருந்தது. அதன் கன்றும் கன்றின் கன்றுமாகப் பதினோரு உருப்படிகள் கருப்பன் பட்டியிலிருந்து கயிற்றை அறுத்துக்கொண்டு வரிசையாக அவள் வீட்டுக்கு நடந்தன. ஊற்றுக்கு இல்லை என்றாள். தண்ணீர் ஓடிக்கொண்டிருந்த இடத்தில் நின்று, யோசித்து, பின்னால் திரும்பியது. கழனி தன்னுடையது என்றாலும் அர்ச்சுனன் கோலைத் தொடவில்லை. கல்லுக்கு இல்லை என்றதும் கோயில் மதில் கலைந்து கற்கள் ஒவ்வொன்றாக உருண்டு தங்கள் பழைய வேலியில் போய் உட்கார்ந்தன. அம்மன் எதுவும் சொல்லவில்லை, காற்று வருகிறதென்று நினைத்திருக்கலாம். பாதைக்கு இல்லை என்றாள். நாற்பது முழ நீளத்துக்குப் பாதை எழுந்து, ஓரத்தில் மேய்ந்த இரண்டு ஆடுகளோடு சேர்ந்து அவள் கொல்லையைச் சுற்றிக்கொண்டு போய்க் கருப்பன் கொல்லை நடுவே படுத்தது. ஜன்னல் வழியாக இதையெல்லாம் பார்த்தவர்கள் உள்ளே இருந்தவர்களுக்குச் சொன்னார்கள். பெட்டிக்குள் மாப்பிள்ளை வீட்டாரும் தட்டுகளைக் கீழே வைத்துவிட்டு எட்டிப் பார்த்தார்கள்.

கடைசியில் கல்யாணத்துக்கு வந்தாள். கை பாதி எழும்பியது.

கருப்பனின் முகம் அப்போதுதான் தெளிந்தது. கோபாலைக் கட்டிக்கொண்டதற்கு இல்லை என்று சொல்லிவிட்டால் கோபால் வழியில் வந்த ஒன்பது மரமும் அவளுடையதில்லை. "அதயும் சொல்லு அண்ணி" என்றார். "எல்லாத்தியும் சொன்ன. அத மட்டும் இன்னாத்துக்கு வுடற?"

அதைச் சொல்ல அவளுக்குக் காரணம் இருந்தது. பதினைந்து வயதில் அவளை யாரும் கேட்கவில்லை. கோபால் நல்லவனும் அல்ல. குடித்தால் அடிப்பான். குடிக்காத நாட்களில் எதிரே உட்கார்ந்து அவள் கை என்ன சொல்கிறது என்று பார்ப்பான். அவனுக்குப் பாதிதான் புரியும். ஆனால் நாடகம் வருவதற்கு முன் அந்த ஊரில் அப்படி உட்கார்ந்து பார்த்தவன் அவன் ஒருவன்தான். ராணியம்மாள் அவளுக்கு எந்த யோசனையும் சொல்லவில்லை. இது தன் வீட்டு விவகாரமில்லை என்று கையில் ஒட்டிய மாவை உதிர்த்துக்கொண்டிருந்தாள். ஊர் முழுக்க அந்தக் கையையே பார்த்தது. அப்படி யாரும் அவள் கையைப் பார்த்ததில்லை. வேறு சொல் இருக்கிறதா என்று அர்ச்சுனன் கேட்டார். மறுபடி கேட்டார். மூன்றாவது தடவை கேட்டார்.

கெங்கம்மாள் கையை இறக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

அது மரத்துக்காகவா, அந்த மனிதனுக்காகவா என்று யாரும் விசாரிக்கவில்லை. முறைப்படி, சொல் எழும்பாததால் அவள் சம்மதித்தாள் என்று அர்ச்சுனன் கோலை எடுத்தார். முப்பது வருடத்தில் அவள் உண்மையாகவே சம்மதித்தது அது ஒரு தடவைதான். பெட்டிக்குள் நிச்சயதார்த்தம் தொடர்ந்தது. நேரம் போய்விட்டதால் தாம்பூலம் மாற்றுவதற்குள் அன்றைய பகுதி முடிந்துவிட்டது. கருப்பனுக்கு அது இன்னொரு வருத்தம்.

மாசியில் கெங்கம்மாள் ஒன்பது மரத்தையும் உலுக்கினாள். பங்குனியோடு நாடகம் முடிந்தது; ராணியம்மாள் கடைசி வாரம் அவளிடம் ஊறுகாய்க்குப் பக்குவம் கேட்டுக்கொண்டு போனாள். அந்த நேரத்துக்கு அடுத்ததாக வந்த நாடகத்தில் எல்லாரும் வாயால் பேசினார்கள், ஊர் பார்ப்பதை நிறுத்திவிட்டது. நெடுஞ்சாலைக்காரர்கள் வந்து அளந்து, வரைபடத்தில் பாதை தப்பான இடத்தில் இருக்கிறது என்று கண்டுபிடித்து வரைபடத்தைத் திருத்தினார்கள்.

தன் கொல்லையை இரண்டாகப் பிளந்த பாதையை எடுக்க வேண்டும் என்று கருப்பன் இரண்டு தடவை ஊர்க்கூட்டத்தில் வழக்கு வைத்தார். கவுண்டருக்கு முன்னால் முறையிடுகிறவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதுதான் சாமைக்கொல்லையில் மரியாதை. கருப்பன் மரியாதை தெரிந்தவர். இரண்டு தடவையும் மார்புக்குக் குறுக்கே கையைக் கட்டிக்கொண்டு, தொண்டை கட்டும்வரை பேசினார். அர்ச்சுனன் அந்தக் கைகளைக் கவனமாகப் பார்த்தபடி, வேறு சொல் இருக்கிறதா என்று மூன்று முறை கேட்டார். கை அசையவில்லை. கருப்பன் சம்மதித்துவிட்டார் என்று கோலை எடுத்தார். பாதை அங்கேதான் இருக்கிறது. மழைக்காலத்தில் கொஞ்சம் வழுக்கும்.