கிட்ஜி மரத்து இலைப்பேனின் எட்டாவது கணு

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில், கன்னமுல்லா என்ற ஊருக்கு மேற்கே கிட்ஜி மரங்களில் வாழும் இலைப்பேனுக்குக் காலையில் உணர்கொம்பில் ஏழு கணு, மதியத்துக்கு மேல் எட்டு. செத்து, பிசினில் பதிந்து, கண்ணாடித் தகட்டுக்குள் போன பிறகும் அப்படித்தான். இது தெரிய மூன்று வருடம் ஆனது. அதற்குள் பூச்சிகளை ஆராயும் நெரிடா காஃப்லனுக்குத் தலை பாதி நரைத்துவிட்டது.

விடிந்ததும் காட்டுக்குப் போய், பேன் குடியிருக்கும் இலைக்கொப்புளங்களைப் பறிப்பாள். வெயில் உச்சி தாண்டிய பிறகுதான் நுண்ணோக்கியில் குனிவாள். எட்டுக் கணு. எந்த நூலிலும் இல்லாத பூச்சி. பெயர் வைத்துவிட்டால் அந்தக் காட்டின் வழியே வரவிருந்த புதுச் சாலை அந்த முந்நூறு மரங்களைச் சுற்றிப் போயாக வேண்டும். பெயரில்லாத பூச்சிக்குச் சட்டத்தில் இடமில்லை. ஆனால் தலைநகர் கான்பெராவில் அதைச் சரிபார்க்கிற ரூபர்ட் டன்ஸ்டன் காலையில் மட்டும் வேலை செய்பவன். "ஏழு கணு. எங்கும் இருக்கிற பழைய பூச்சி" என்று எழுதித் தகட்டைத் திருப்பி அனுப்பிவிடுவான். அவள் வேறு தகடு அனுப்புவாள். அதுவும் திரும்பும். நீதான் தகட்டை மாற்றிவிட்டாய் என்று இருவரும் மாறி மாறிக் கடிதம் எழுதினார்கள்.

மரங்களின் சொந்தக்காரன் லெஸ் கூகன் வேலியில் சாய்ந்துகொண்டு கேட்டான்: "என்னம்மா, எட்டு வரைக்கும் எண்ணத் தெரியாத உனக்கு எவன் டாக்டர் பட்டம் குடுத்தான்?"

"வாயை மூடு லெஸ்."

"நாலு வாரத்துல ரோடு போடறவங்க ரம்பத்தோட வர்றாங்க. அப்புறம் என் மாடெல்லாம் எங்க ஒதுங்கும், உன் தொப்பிக்கு அடியிலயா?"

அங்கே கோடைக்காலமான அந்த ஜனவரியிலேயே தகட்டை மடியில் வைத்துக்கொண்டு கான்பெரா போனாள். ரூபர்ட் பார்த்தான். அவளும் பார்த்தாள். ஏழு.

"முதல்ல உன் மூக்குக்கண்ணாடியை மாத்து, நெரிடா."

அவள் மேசையில் ஓங்கிக் குத்தினாள். சண்டை நீண்டதால் ரூபர்ட் அன்று வீட்டுக்குக் கிளம்பவே மதியம் ஒரு மணி ஆகிவிட்டது. நெரிடா நுண்ணோக்கியை விட்டு எழவில்லை. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கடைசிக் கணுவின் நடுவில் கோடு விழுந்து, அது இரண்டாகப் பிரிந்தது.

"ரூபர்ட்! பையைக் கீழ வெச்சிட்டு இங்க வா."

அவன் வெகுநேரம் குனிந்திருந்தான். "ஒரு மணிக்கா மாறுது?"

"எங்க ஊர்ல இப்பதான் பன்னிரண்டு. கோடையில கடிகாரத்தை ஒரு மணி முன்னால தள்ளி வெக்கிறது நீங்கதான், நாங்க இல்ல."

"செத்த பூச்சிக்கு அது எப்படித் தெரியும்?"

"அதுகிட்டயே கேளு."

சாலை இப்போது வளைந்துதான் போகிறது. இலைப்பேன்களை அடையாளம் காணும் நூலில் அந்த இனத்துக்கு நேரே அச்சாகியிருக்கிறது: நண்பகலுக்கு முன் ஏழு, பின் எட்டு, குயின்ஸ்லாந்து நேரப்படி.