சுவரைப் பார்த்து நின்றவருக்குப் பன்றிக்கறி

2003இல், தன்னுடைய முதல் வருஷப் படையலன்று, செத்துப்போன முருகையன் முதலியார்பேட்டை வாடகை வீட்டின் சமையலறைக்குத் திரும்பி வந்து சுவரைப் பார்த்து நின்றுகொண்டார். அவர் மனைவி அன்னக்கிளி இலையில் சாம்பாரும் வடையும் பாயசமும் வைத்திருந்தாள். உயிரோடிருந்தவரை அந்த மனுஷன் ஆசைப்பட்டுத் தின்றது பன்றிக்கறி ஒன்றைத்தான். செத்தவருக்குப் பிடித்ததைத்தான் படைக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் மாடியில் வீட்டுக்காரர் கிருஷ்ணசாமி இருந்தார். என்ன கறி என்று தெரிந்தால் என்ன சாதி என்பதும் தெரிந்துவிடும், வீடு போய்விடும். அதனால் வருஷா வருஷம் சாம்பார். வருஷா வருஷம் அவர் சுவரைவிட்டு முகத்தைத் திருப்பவில்லை. அவர் மூச்சு பட்ட இடத்தில் சுண்ணாம்பு ஊறி உதிர்ந்தது, சமையலறையில் எந்நேரமும் ஈரமண் வாடை அடித்தது. தாயும் மகளும் அவர் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி மிளகாய்த்தூள் எடுக்கப் பழகிக்கொண்டார்கள். ஒருநாள் அன்னக்கிளி கேட்டாள்: "அப்பாவுக்கு மரு எந்தக் கன்னத்துலடி? மறந்துபூட்டுது." மகள் சரிதாவுக்கும் நினைவில்லை. குடும்பத்தின் முதல் பட்டதாரி. என்னென்னவோ மனப்பாடம் செய்து தேறியவள், பெற்றவன் முகத்தைத் தொலைத்துவிட்டாள். அந்த ஆத்திரம் அவளைத் தூங்கவிடவில்லை.

2008இல் பிரான்ஸிலிருந்து வந்த பெரியப்பா மகன் வெற்றிவேல், கரண்டில் மெதுவாக வேகவைக்கும் ஒரு ஸ்லோ குக்கரைக் கொடுத்துவிட்டுப் போனான். விசில் இல்லை, புகை இல்லை. "வாசன வெளிய போவாதுல்ல?" என்று கேட்டுக்கொண்டுதான் அன்னக்கிளி படையலுக்குக் கறி வைக்கச் சம்மதித்தாள். சரிதா காலையிலேயே பன்றிக்கறியை வெல்லம், வினிகர், பூண்டு, மிளகோடு உள்ளே போட்டு மூடினாள். பொழுது சாய்ந்ததும் சாற்றைத் தனியே சுண்டவைத்துப் பாகாக்கிக் கறிமேல் பூசினாள். அது கண்ணாடி மாதிரிப் பளபளத்தது. பிறகு ஜன்னல்களையெல்லாம் திறந்தாள்.

"மூடுடி பாவி! மேல இருக்கறவரு மோந்துடுவாரு."

"மோந்து பாக்கட்டும். உயிரோட இருந்தப்பதான் கதவ சாத்திக்கினு திருடனாட்டம் தின்னாரு. செத்துமா?"

முருகையன் திரும்பினார். மரு இடது கன்னத்தில் இருந்தது. இலை முன்னால் உட்கார்ந்து ஒரு துண்டை மென்று பார்த்து, "உப்பு கம்மி," என்றார். அன்னக்கிளி அழுதுகொண்டே உப்பு ஜாடியை எடுத்து வந்தாள்.

தோள்துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு கிருஷ்ணசாமி இறங்கி வந்தார். முருகையனை அவருக்கு நன்றாகவே அடையாளம் தெரிந்தது. சாவுக்கு மாலை வாங்கி வந்தவர் அவர். செத்த ஆள் எப்படிச் சாப்பிடுகிறார் என்று அவர் கேட்கவில்லை. என்ன சாப்பிடுகிறார் என்றுதான் கேட்டார்.

"பன்னியா இது?"

"ஆமா சார். உக்காருங்க, இல போடறேன்," என்றாள் சரிதா.

அந்த மாதமே காலி செய்ய வேண்டியதாயிற்று. வேறு வீடு அமையாமலேயே சாமான்களை டெம்போவில் ஏற்றினார்கள், முருகையனும் ஏறிக்கொண்டார். போன இடத்திலெல்லாம் முதல் கேள்வி, "என்னா சமைப்பீங்க?" அது எதற்கான கேள்வி என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். சரிதா வாயைத் திறப்பதற்குள் அன்னக்கிளி முந்திக்கொண்டு, "பன்னிக்கறி," என்றாள். கதவுகள் சாத்தப்பட்டன. கடைசியில் தேங்காய்த்திட்டில் சுலோசனா என்கிற வீட்டுக்காரி அந்தப் பதிலைக் கேட்டுவிட்டு அவர்களைக் கொஞ்சநேரம் ஏற இறங்கப் பார்த்தாள்.

"தண்ணி காலையில மட்டுந்தான் வரும். எத்தினி பேரு?"

"மூணு பேரு," என்றாள் அன்னக்கிளி. முருகையன் அதற்குள் அண்டாவைத் தோளில் தூக்கி உள்ளே கொண்டுபோய்க்கொண்டிருந்தார்.