வெளியே வருவது அடுத்த வெர்ஷனில்

இந்தக் காலத்து ஆட்கள் செய்த வேலையைத் திரும்பிப் பார்ப்பதில்லை. பார்த்ததாக எழுதி வைக்கிறார்கள். எழுதிவிட்டால் பார்த்த மாதிரிதானாம். நான் நாலாவது மாடியில் காவலாளி. பதினொரு வருடமாக ஒரே சாவிக்கொத்து. பூட்டிய கதவை ரெண்டு தடவை இழுத்துப் பார்ப்பேன். அப்படிச் செய் என்று எந்தத் தாளிலும் இல்லை.

அந்த மாடியில் சாஃப்ட்வேர் கம்பெனி. முகத்தைப் பார்த்துத் திறக்கிற கதவு ஒன்றைச் செய்து, முதலில் அவர்களுடைய கூட்ட அறைக்கே மாட்டினார்கள். அது தேறிவிட்டால் மாடி முழுக்க அந்தக் கதவுதான். சாவிக்கொத்தும் வேண்டாம், அதைச் சுமக்கிற கிழவனும் வேண்டாம். மேனேஜர் இதை நல்ல செய்தி சொல்கிற முகத்தோடு என்னிடம் சொன்னார். வீட்டில் சொன்னேன். மருமகள் எனக்குத் தட்டு வைக்கும்போது மட்டும் சத்தம் கொஞ்சம் கூடியது.

சோதனை நாள் காலையில் மூன்று பேர் வந்தார்கள். மேனேஜர், கதவுக்கு புரோகிராம் எழுதிய தாடிக்காரன், குறை கண்டுபிடிப்பதற்கென்றே சம்பளம் வாங்கும் டெஸ்டர் பெண். கண்ணாடி போட்டு, கழற்றி, வாயைக் கோணி, நானூறு விதமாக முகம் காட்டிப் பார்த்தாயிற்று என்றான் தாடிக்காரன். கதவும் மரியாதையாகத் திறந்தது. மூவரும் உள்ளே போனார்கள். கதவு சாத்திக்கொண்டது. நான் டீ குடிக்கப் போனேன்.

திரும்பி வந்தால், மேனேஜர் கண்ணாடிச் சுவரில் மூக்கை அப்பிக்கொண்டு நிற்கிறார். கேமரா வெளிப்பக்கம் மட்டும்தான் இருக்கிறதாம். உள்ளே போவதை நானூறு தடவை பார்த்தவர்கள், வெளியே வருவதை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. பார்த்த நாளெல்லாம் கதவு திறந்ததும் இடுக்கில் ஒரு நாற்காலியைப் போட்டு வைத்திருந்தார்கள்.

அந்தக் கதவிலும் ஒரு சாவித்துளை விட்டிருந்தார்கள்; சாவியை எடுத்தேன். மேனேஜர் பதறிப்போய்க் கையை ஆட்டினார்.

"பெரியவரே, தொடாதீங்க. நீங்க திறந்தா டெஸ்ட் ஃபெயில்."

"அப்ப எப்படி வெளிய வருவீங்க?"

"அது அடுத்த வெர்ஷன்ல வருது" என்றான் தாடிக்காரன்.

ஃபெயில் என்று எழுதப்போன பெண்ணை மேனேஜர் தடுத்தார். உள்ளேயே கூட்டம் போட்டார்கள். கதவு என்னென்ன செய்ய வேண்டும் என்ற தாளை வரிவரியாகப் படித்தார்கள். அனுமதி உள்ளவர் உள்ளே போகத் திறக்க வேண்டும் என்று இருந்ததாம். வெளியே வருவதைப் பற்றி ஓர் எழுத்தும் இல்லை. ஆகவே கதவு ஒழுங்காகத்தான் இருக்கிறது, மனிதர்கள்தான் தாளில் இல்லாததற்கு ஆசைப்படுகிறார்கள் என்று முடிவானது. மேனேஜரும் தாடிக்காரனும் கை தட்டினார்கள். அதற்குள் தண்ணீர் பாட்டில் காலி.

பிறகு கதவுக்கு அடியில் ஒரு தாள் வெளியே வந்தது. கதவைப் பயன்படுத்துகிறவர் திருப்தி என்று கையெழுத்துப் போட வேண்டுமாம். வெளியே நிற்பது நான் ஒருவன், ஆகவே பயன்படுத்துகிறவன் நான்தான். கையெழுத்து விழுந்தால் சோதனை முடிந்தது. அப்புறம் சாவி போட்டுத் திறந்தாலும் குற்றமில்லை. எழுத்துக் கூட்டிப் படித்தேன். என் பிழைப்பைப் பிடுங்க வந்த கதவுக்கு நானே நற்சான்று கொடுக்க வேண்டும்.

"ஐயா, சீக்கிரம் போடுங்க. பாத்ரூம் போகணும்." தாடிக்காரன் ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்றான்.

"அந்தக் கதவு வழியா வாங்க தம்பி. வந்ததும் போடறேன்."

"நீங்க போட்டாதான் வர முடியும்."

"நீங்க வந்தாதான் போட முடியும்."

இதையே நாங்கள் ஏழெட்டு தடவை சொல்லியிருப்போம். கடைசியில் அந்தப் பெண் எழுந்து வந்து கண்ணாடியைத் தட்டினாள்.

"திறங்க தாத்தா. ஃபெயில்னு எழுதிட்டேன். வேலை போனா போகட்டும்."

"யார் வேலைம்மா?"

"என்னோடதுதான்."

அன்றைக்கு என் காதில் விழுந்த ஒரே நேரான பேச்சு அது. திறந்தேன். தாடிக்காரன் யார் முகத்தையும் பார்க்காமல் ஓடினான்.

சாயங்காலம் மேனேஜர் என்னையும் அந்தப் பெண்ணையும் கூப்பிட்டார். அவள் எழுதியதை அவர் அடிக்கவில்லை. கீழே ஒரு வரி சேர்த்திருந்தார். கதவு திறக்காவிட்டால் பெரியவர் திறப்பார். பெரியவர் கதவின் ஒரு பாகம். ஆகவே கதவு பாஸ். இனி விற்கிற ஒவ்வொரு கதவோடும் ஒரு பெரியவரைச் சேர்த்து அனுப்பப் போகிறார்களாம். என்மேல் ஒரு குறையும் பதிவாகியிருந்தது: டீ குடிக்கப் போனதால் திறக்கத் தாமதம். அதைச் சரிசெய்யும் பொறுப்பு தாடிக்காரனுக்கு.

"உங்க வேலை போகலை. சந்தோஷம்தானே?" என்றார் மேனேஜர்.

"கதவுக்கு லீவு உண்டுங்களா?"

தாளைப் புரட்டிப் பார்த்தார். அதில் இல்லை என்றார். அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். நாளைக்கு என்னைச் சோதிக்கப் போவது அவள்தானாம்.

கையெழுத்துப் போடச் சொல்லி மேனேஜர் பேனாவை நீட்டினார். நான் வாங்கவில்லை. அவர்கள் போனதும் அறையைச் சாவியால் பூட்டினேன். ரெண்டு தடவை இழுத்துப் பார்த்தேன். உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று கண்ணாடி வழியாகவும் ஒரு தடவை பார்த்தேன். லிஃப்ட் வந்து வாயைத் திறந்துகொண்டு நின்றது. அதை யார் சோதித்தார்களோ. படியில் இறங்கினேன்.