தண்ணீர் இல்லாமல் ஒரு குளிப்பாட்டு

அக்கா ம்பாலு விடிகாலையில் கண்ணை மூடினாள். வெயில் ஏறுவதற்குள் வாசலில் மூன்று வாளித் தண்ணீரும் உடலைக் குளிப்பாட்டுவதற்கு ஆறு பெண்களும் வந்துவிட்டார்கள். வாசற்படியில் குறுக்கே உட்கார்ந்திருந்தாள் தங்கை யாபோம்.

"வழிவிடு! எபோலாவாம் எபோலா! என் தம்பி பொண்டாட்டியக் குப்பை மாதிரி தூக்கிப் போடச் சொல்றியா?" என்று கத்தினார் சாந்திகி.

"என் மாமியாரை ஏழு பேர் சேர்ந்து குளிப்பாட்டினோம். அதுல நாலு பேர் எங்கே மச்சான்? சொல்லுங்க, எங்கே?"

மிஞ்சிய மூவரில் யாபோமும் ஒருத்தி. சிகிச்சைக் கூடாரத்தில் பத்தொன்பது நாள் கிடந்து பிழைத்தவள். இவளால் இனி யாருக்கும் தொற்றாது என்று டாக்டர் கையெழுத்துப் போட்ட சான்றிதழ்கூட வைத்திருக்கிறாள். அதைக் கொண்டு என்ன செய்ய? இரண்டு மாதமாக எவளும் அவள் கையால் ஒரு வாய் சோறு வாங்கித் தின்றதில்லை. இன்று மட்டும் உயிருக்கு அஞ்சாத வீராங்கனைகள் ஆறு பேர் வந்துவிட்டார்கள்!

அடக்கம் செய்யும் குழுவின் வண்டி வந்தது. எல்லாரும் ஆண்கள். உடம்பு முழுக்க மூடும் வெள்ளைப் பாதுகாப்பு உடுப்பு மாட்டிக்கொண்டார்கள்.

"சீக்கிரம் பையில போடுங்கப்பா, இன்னும் அஞ்சு வீடு இருக்கு" என்றான் தலைவன் பொக்காரி.

யாபோம் எழுந்திருக்கவில்லை. "எங்க அக்காவை ஆம்பளை தொடக் கூடாது."

"தண்ணியே ஊத்தக் கூடாதுங்கிறது விதி. தெரியும்ல?"

"தண்ணி கேட்டேனா? தண்ணிக்கு வழியில்லைன்னா சுத்தமான மண்ணு போதும்னு நம்ம மார்க்கமே சொல்லுது. நீயும் தொழுறவன்தானே? ஒரு உடுப்பைக் குடு. நானே செய்யறேன்."

"உனக்கு அதைப் போடத் தெரியுமா?"

"பத்தொன்பது நாள் படுத்துக்கிட்டு வேற என்னத்தைப் பார்த்தேன்? நர்சுங்க மாட்டுறதும் கழட்டுறதும்தான். நீ பக்கத்துல நின்னு சொல்லு. தப்பு செஞ்சா வெளிய இழுத்துப் போடு."

இவளை விலக்கினால் அந்த ஆறு பேரும் உள்ளே பாய்வார்கள் என்பது பொக்காரிக்குப் புரிந்தது. உடுப்பைக் கொடுத்தான்.

அவன் கிருமி மருந்து தெளிக்கத் தெளிக்க, அக்காவைப் பையில் வைத்து மூடினாள். கையுறை மாட்டிய கையைச் சுத்தமான மண்ணில் பதித்து, பையின் மேல் முகம் இருந்த இடத்தில் தடவினாள். பிறகு கைகள் இருந்த இடத்தில். மேலே இறந்தவருக்குப் போர்த்தும் வெள்ளைக் கஃபன் துணியைச் சுற்றினாள். கண்ணாடிக்குள் கண்ணீர் தேங்கியது. துடைக்கக் கையைக் கொண்டுபோனால் பொக்காரி வெளியே இழுத்துப் போட்டுவிடுவான். அழுதுகொண்டே முடித்தாள்.

வெளியே பெண்கள் தள்ளி நின்று தொழுதார்கள். ஒருத்தியும் நெருங்கவில்லை.

அடக்கம் முடிந்து, உடுப்பைக் கழற்றிக் கை கழுவியதும் யாபோம் கேட்டாள்: "அந்த அஞ்சு வீட்டுல செத்தவங்கள்ல பொம்பளை எத்தனை?"

"மூணு."

அவள் வண்டியில் ஏறினாள்.

"இதுல போனா இந்த வீட்டுப் பக்கம் தலைவைக்காதே!" என்றார் சாந்திகி.

"ரெண்டு மாசமா இந்த வீட்டுல என்னை உட்காருன்னு யாரு மச்சான் சொன்னது?" பொக்காரி பக்கம் திரும்பினாள். "வண்டிய எடுப்பா. அங்கே யாரும் தொடுறதுக்குள்ள நான் போயாகணும்."